ரெண்டு காணி நிலம்: கரும்பா, சவுக்கா?

விழுப்புரம், கடலூர் பக்கம் முன்பு கரும்பு நின்ற கொல்லைகள் பலவற்றில் இப்போது சவுக்கு நிற்கிறது. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு மாதக்கணக்கில் ஓடியது. கிணற்றுப் பாசனத்தில் ரெண்டு காணி (காணி என்றால் ஒரு ஏக்கரைவிடக் கொஞ்சம் கூடுதல்). கரும்பையே தொடர்வதா, சவுக்கு வைத்துவிடுவதா?

சவுக்கு வெட்டுக்கு வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதே காலத்தில் கரும்பு ஒரு நடவும் ரெண்டு மறுதாம்புமாக (வெட்டிய கட்டையே மறுபடி துளிர்த்து வருவது) மூன்று வெட்டு தரும். அதனால் ஏக்கர் கணக்கை மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டால்தான் நியாயம்.

கரும்புக்கு மத்திய அரசு விலை முன்கூட்டியே தெரியும். 2024-25 பருவத்தில் தமிழ்நாட்டு விவசாயிக்கு மத்திய அரசு விலை டன்னுக்கு 3,151 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 349, ஆக 3,500. ஒரு வெட்டில் ஏக்கருக்கு 40 டன் எடுத்தால் காகிதத்தில் 1,40,000 ரூபாய். ஆனால் வெட்டுக்கூலியே டன்னுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிப் போய்விடுகிறது. நடுவதற்கான கரும்புத் துண்டு (கரணை), உரம், காய்ந்த இலையான சோகையை உரிக்கிற கூலி எல்லாம் தனி. ஆலை தருகிற வெட்டு ஆர்டர் தாமதமானால் கரும்பு காய்ந்து எடை குறையும். அந்த நஷ்டம் முழுக்க நம் தலையில்தான்.

பணம் வருகிற நாள்தான் பெரிய வேதனை. கரும்பு ஆலைக்குப் போன 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நாங்கள் கரும்பு அனுப்பிய ஆலையிலிருந்து ஒரு வருஷம் பணம் வர எட்டு மாதம் ஆனது. வட்டி வரவில்லை. அந்த எட்டு மாதமும் கூட்டுறவுக் கடனுக்கு வட்டி கட்டியது அம்மாவின் நகை.

சவுக்கில் இந்த அலைச்சல் இல்லை. வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொடுப்பதால் உரச்செலவு குறைவு. வேர் பிடித்த பிறகு தண்ணீரும் கொஞ்சம் போதும். காகித ஆலைக்கும் போகும், கட்டடச் சாரத்துக்கும் போகும். விலை இறங்கினால் ஆறு மாதம் நிறுத்தி வைக்கலாம், மரம் பருக்கத்தான் செய்யும். கரும்பில் அது முடியாது.

அப்புறம் ஏன் தயக்கம்? முதலாவது, சவுக்குக்கு அரசு விலை கிடையாது. வியாபாரி சொல்வதுதான் விலை. இரண்டாவது, புயல். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத் தோப்புகளைச் சாய்த்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மூன்று வருஷ உழைப்பையும் ஒரே மரப்பயிரில் போட மனசு வராது.

மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2018-19-க்கான தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளமாக வந்தது 4,063. பயிரில் வந்தது 3,798 மட்டுமே. விவசாயக் குடும்பங்களுக்கே பயிரைவிடக் கூலி பெரிது! ஊர் முழுக்கச் சவுக்கு ஆனால் களை எடுக்கவும் சோகை உரிக்கவும் போகிற பெண்களுக்கு வேலை எங்கே இருக்கும்? கரும்பின் நுனித் தோகையான கொழுந்தாடையை நம்பி மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தீவனமும் போகும். வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை கைக்கு வருகிற பால் காசுதான் பல வீடுகளில் மளிகைச் செலவு.

பிள்ளைகள் சென்னையில் இருக்க, ஊரில் வயதானவர் ஒருவர்தான் நிலத்தைப் பார்க்கிறார் என்றால் நான் சவுக்கைத்தான் சொல்வேன். வீட்டில் ரெண்டு பேர் உழைக்க முடியும், மாடு இருக்கிறது, கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கிறது என்றால் கரும்பை விட வேண்டாம்.

எங்கள் வீட்டில் கிணற்றை ஒட்டிய காணியில் கரும்பு, மேட்டுக் காணியில் சவுக்கு என்று முடிவானது. சவுக்கங்கன்றுகளுக்கு நடுவில் முதல் வருஷம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறோம். களை எடுக்க வழக்கமாக வருகிற ஆறு பேரும் இந்த முறையும் வந்தார்கள்.