போர்ட்டிக்கோவுக்கு வளைவுக் கூரை போடப் போகிறீர்களா? ஒருக்கால் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற முன்னமே மேலே பார்த்துவிட்டு, "என்ன, கூரைக்குக் கல்லெறி விழுந்ததோ?" என்று கேட்கிறார்கள். கல்லெறி இல்லை. 75,000 ரூபா முற்பணம் கொடுத்து நானே விரும்பி வாங்கிய வெடிப்பு அது.

போன வருடம் ஐப்பசி, மழை தொடங்க முன்னம் போர்ட்டிக்கோவை மூடிவிட வேண்டும் என்று அவசரம். அகலம் 6 அடி, நீளம் 12 அடி. தகரம் வேண்டாம், வெளிச்சம் வர வேண்டும், வளைவாக இருந்தால் வடிவு என்று மனைவி சொன்னாள். எனக்கும் சரி என்றே பட்டது. நகரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையைப் பிடித்தேன். பெயர் போட மாட்டேன். அவருடைய பிள்ளையும் என்னுடைய பிள்ளையும் ஒரே வகுப்பு.

வெளிச்சம் விடும் பிளாஸ்ரிக்கான பொலிகாபனேற் சீற் போடலாம் என்றார். 6 மில்லியும் 10 மில்லியும் இருந்தன. "அண்ணை, பத்தைப் போடுங்கோ. தடிப்புக் கூடினால் உறுதி கூட. யானை ஏறினாலும் அசையாது. பத்து வருசக் கரண்டி." கரண்டி என்றது உத்தரவாதத்தை. 115,000 ரூபா என்று பேசி முடித்தோம். எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டி இருபது வருடமாக இருக்கிறது. இந்தக் கரண்டி ஏழு மாதம்கூட நிற்கவில்லை.

இதில்தான் நான் ஏமாந்தேன். தடிப்புக் கூடினால் நல்லது என்பது தட்டையான கூரைக்குச் சரி. வளைவுக்கு நேர்மாறு. சூடாக்காமல் கையால் வளைத்துப் பூட்டும்போது சீற் எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு அதன் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நெரிபடும். அதனால் இவ்வளவுக்கு மேல் மடக்காதே என்று ஒரு எல்லை இருக்கிறது. உள்ளே குழல் குழலாக இருக்கும் சீற்றுக்குப் பல தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு, வளைவின் ஆரை தடிப்பைப் போல 175 மடங்காவது இருக்க வேண்டும் என்பது. 10 மில்லிக்கு 175 சென்ரிமீற்றர். 6 மில்லிக்கு 105.

இனி என்னுடைய வளைவைப் பாருங்கள். அகலம் 6 அடி, நடு உயரம் ஒன்றரை அடி. அரை அகலத்தின் வர்க்கம் 9, உயரத்தின் வர்க்கம் 2.25, இரண்டையும் கூட்டி உயரத்தின் இருமடங்கான 3 ஆல் வகுத்தால் 3.75 அடி. ஏறத்தாழ 114 சென்ரிமீற்றர். ஓ.எல் படிக்கிற மகள் இரண்டு நிமிடத்தில் போட்டுக் காட்டினாள். 6 மில்லி என்றால் மட்டுமட்டாகத் தப்பியிருக்கும். 10 மில்லி தொடக்கமே பிழை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று. இந்தச் சீற்றை எந்தப் பக்கம் வேண்டுமென்றாலும் வளைக்க முடியாது. குழல் ஓடும் நீளப்பாட்டில்தான் வளைக்க வேண்டும். குழலும் சேர்ந்து வில்லாக வளைய வேண்டும். பட்டறைக்காரர் குறுக்காக மடக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "சீற் ஏழடி அகலம், உங்கட வளைவுக்கு அளந்து வெட்டினது மாதிரி இருக்கு. ஒரே துண்டு, ஒட்டு இல்லை, ஒழுகாது" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முறையாகச் செய்வதென்றால் ஏழடி நீளத் துண்டுகள் இரண்டு வெட்டி, குழல் வளைவோடு போகிறமாதிரி வைத்து, நடுவில் ஒரு பொருத்துச் சட்டம் போட்டிருக்க வேண்டும். அது ஒரு நாள் கூடுதல் வேலை. குறுக்காக மடக்குவது கைக்கு இலகு. இரண்டு பொடியன்கள் ஏறி நின்று அமத்தினார்கள், "டப் டப்" என்று குழல்கள் நசிந்த சத்தம் எனக்கே கேட்டது. "அது செற் ஆகுது அண்ணை" என்றார்கள்.

ஓர் ஓரம் அமரவில்லை என்று பெயின்ற் எரிக்கிற சூட்டுத் துப்பாக்கியை எடுத்து ஊதினார்கள். அந்த இடம் முழுக்கக் கொப்புளம். பொலிகாபனேற் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அடுப்பில் வைத்துக் காயவைக்காமல் சூடாக்கினால் அந்த ஈரம் உள்ளுக்குள்ளேயே பொங்கும். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. வடை பொரிகிறமாதிரி இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன்.

மாரியில் குழல்களுக்குள் தண்ணீர் நின்றது. குழல் சரிவாக இருந்தால் வடியும், கிடையாக இருந்தால் எங்கே போவது? மார்கழி முடிய உள்ளே பச்சைப் பாசி. சித்திரை வெயிலில் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் "டக், டக்" என்று சத்தம். அம்மா பூனை என்றார், பிறகு பேய் என்றார். வைகாசியில் முதல் வெடிப்பு ஒரு திருகாணியிலிருந்து கிளம்பியது. சோளகக் காற்றுத் தொடங்கியதும் மற்றத் திருகாணிகளிலும் வெடித்தது.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். "தேங்காய் விழுந்திருக்கும்." போர்ட்டிக்கோவுக்குக் கிட்ட எங்களிடம் தென்னை இல்லை. "அப்ப காகம் கொத்தியிருக்கும்."

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மச்சான்தான் விசயத்தைப் பிரித்துச் சொன்னான். அங்கே அவனுக்கு இதே வேலை. ஏணி வைத்து ஏறியவன் முதலில் முகர்ந்து பார்த்தான். "இடைவெளி அடைக்கிற சிலிக்கன் பூசேக்க வினாகிரி மணம் வந்ததோ?" வந்தது. அந்த மணமுள்ள சிலிக்கன் கண்ணாடிக்குச் சரி, இந்தச் சீற்றைத் தின்றுவிடுமாம். மணமில்லாத நியூட்ரல் வகைதான் போட வேண்டும். வோஷருக்குப் பழைய பிவிசி ஓஸை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசையும் இழுபட்டு நிற்கிற சீற்றை வெடிக்க வைக்குமாம். பெயின்ற் தெறித்ததைத் தின்னர் போட்டுத் துடைத்தது இன்னொன்று. திருகாணி ஓட்டைகளோ திருகாணியின் அளவுக்கே இறுக்கம். 12 அடிச் சீற் 30 பாகை சூடேறினால் 7 மில்லிமீற்றர் அளவில் நீளும். பகலில் நீளவும் பின்னேரம் ஆறிச் சுருங்கவும் இடமில்லாமல் இழுபட்டதுதான் அம்மாவின் பேய்.

வெயிலின் ஊதாக்கதிரைத் தாங்கும் யூவி பூச்சுள்ள பக்கம் உள்ளே இருக்கிறது என்பதையும் அவன்தான் கண்டுபிடித்தான். சீற்றில் ஒட்டி வரும் கடுதாசியில் எழுத்து இருந்த பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும். பொடியன்கள் கடுதாசியை முதலே உரித்துவிட்டுத்தான் மேலே ஏற்றினார்கள்.

கொடுத்த காசுக்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. வட்ஸ்அப்பில் "வந்தது, நன்றி அண்ணை" என்ற குரல்பதிவு மட்டும். நீங்கள் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீற்றின் தடிப்பு, எந்தத் திசையில் வளைப்பது, எத்தனை வருட உத்தரவாதம் என்று அதிலேயே எழுதுவியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் எடுத்து என்னத்தைச் சொல்வது? வேலைக்கு முன்னம் சீற் விற்கிற இடத்தில் தயாரிப்பாளரின் தாளைக் கேட்டு, வளைவு ஆரையை நீங்களே பாருங்கள். தாள் இல்லை என்றால் வேறு கடை.

சீற்றைத் தாங்கும் பைப் வளைவு நல்லாகத்தான் இருக்கிறது, வெல்டிங்கைக் குறை சொல்ல மாட்டேன். அதன்மேல் 6 மில்லியில் இரண்டு துண்டு போட வேறு ஒருவரிடம் கதைத்திருக்கிறேன். பழைய சீற்றில் வெடிக்காத பாதி விறகுக் கொட்டிலுக்கு மேலே, வளைக்காமல், மட்டமாகப் போகும். மிச்சம் 40,000 ரூபாவைக் கேட்டுப் பட்டறைக்காரர் நேற்றும் அழைத்தார். வந்து மற்றப் பாதியைக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.