மவுண்ட் யூனியனா, வைட்வாட்டரா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. அங்கே 2005 முதல் 2011 வரை ஏழு வருடமும் இறுதிப்போட்டியில் மோதியவை இதே இரண்டு அணிகள்தான். இரண்டுக்கும் ஊதா நிறம் வேறு! அந்த ஏழில் வைட்வாட்டருக்கு 4, மவுண்ட் யூனியனுக்கு 3.

மவுண்ட் யூனியன், ஒஹாயோவில் அலையன்ஸ் என்ற ஊரில் உள்ள சிறிய தனியார் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் லாரி கெரஸ் 27 பருவங்களில் 332 வெற்றி, 24 தோல்வி, 3 டிரா. தேசியப் பட்டம் 11. நடுவில் 54 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, ஒன்றில் தோற்று, அப்புறம் மறுபடி 55. இது எனக்கு இன்னும் நம்ப முடியாத கணக்கு.

வைட்வாட்டர், விஸ்கான்சின் மாநில அரசுப் பல்கலைக்கழகம். மாணவர் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். பயிற்சியாளர் லான்ஸ் லைபோல்ட் காலத்தில் 8 பருவம், 109 வெற்றி, 6 தோல்வி, 6 பட்டம். நேருக்கு நேர் என்றால் என் ஓட்டு இவர்களுக்கே: 2013 இறுதியில் 52-14 என்று மவுண்ட் யூனியனை நொறுக்கினார்கள்.

சரி, நீடித்தது யார்? லைபோல்ட் 2014 பருவத்தோடு பஃபலோ பல்கலைக்கழக அணிக்குப் போய்விட்டார். மவுண்ட் யூனியனில் கெரஸின் மகன் வின்ஸ் பொறுப்பேற்று 2015, 2017 பட்டங்களையும் வாங்கினார்.