சைலோவா, ஸ்னோபியர்சரா?

இரண்டும் ஆங்கிலத் தொடர்கள். இரண்டிலும் உலகம் அழிந்துவிட்டது. மிஞ்சியவர்களுக்குள் மேல்தட்டு, கீழ்த்தட்டு. மர்ம மரணத்தைத் துப்பறியக் கிளம்புவதும் கீழ்த்தட்டு ஆள்தான்.

2020-இல் வந்த ஸ்னோபியர்சரில் 1,001 பெட்டிகள் கொண்ட ரயில். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் ரயிலின் வால்பகுதியில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். ரயிலின் பெரிய ரகசியம் முதல் எபிசோடிலேயே உடைகிறது. அப்புறம் வர்க்கச் சண்டைதான். வேகம் வேண்டுமென்றால் சரி, இதைப் பாருங்கள்.

என் ஓட்டு 2023-இல் தொடங்கிய சைலோவுக்கு. பூமிக்கடியில் 144 தளங்கள், லிஃப்ட் கிடையாது. அடியில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டும் ஜூலியட் மேலே வர சுழல்படிக்கட்டு ஒன்றே வழி. யார் எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்தப் படிகளே சொல்லிவிடுகின்றன. மூன்றாவது எபிசோடில் ஜெனரேட்டரை நிறுத்திப் பழுதுபார்க்கிறார்கள். நீராவி அழுத்தம் ஏற ஏற நமக்கும் மூச்சு முட்டுகிறது. உழைப்பவர்களின் கைகளை இவ்வளவு மரியாதையோடு காட்டும் தொடர்கள் குறைவு.