அலைச்சறுக்குக்கு எந்த வாட்ச்?

சென்னையை அடுத்த கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகத் தொடங்கிய முதல் வருடமே, பின்மூடியில் 200 மீட்டர் என்று பொறித்திருந்த என் பழைய டிஜிட்டல் வாட்ச் செத்துப்போனது. முதல் நாள் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. மறுநாள் எண்களில் பாதியைக் காணவில்லை. திறந்து பார்த்தேன். இரண்டு வாரம் முன்பு பேட்டரி மாற்றிய இடத்தில், மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை நசுக்கி மூடியிருந்தார்கள். நசுங்கிய இடத்தில் உப்புப் பூத்திருந்தது.

அதற்குப் பிறகு மூன்றைப் பார்த்தேன்: பேட்டரியில் ஓடும் கேசியோ ஜி-ஷாக் டிடபிள்யூ-5600, வெயிலில் சார்ஜ் ஆகும் ஜி-ஷாக் ஜிடபிள்யூ-எம்5610, ஒரு ஸ்மார்ட்வாட்ச். வாங்கியது வெயில் வாட்சை.

வாட்ச் எவ்வளவு நீரழுத்தம் தாங்கும் என்பதைக் காட்டும் மீட்டர் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 30 மீட்டர் என்றால் மழைக்கும் கை கழுவுவதற்கும்தான். அலைக்கு 100-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். இரண்டு ஜி-ஷாக்கும் 200.

ஆனால் அந்த 200, மூடி திறக்காத வாட்சுக்கான எண். ஒருமுறை திறந்துவிட்டால், மூடுகிறவரின் கை சுத்தத்தைப் பொறுத்தது. முறைப்படி என்றால் புது வளையம் போட்டு, சிலிகான் கிரீஸ் தடவி, அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். கத்தி முனையில் மூடியை நெம்பி ஐந்து நிமிடத்தில் பேட்டரி மாற்றித் தரும் கடையில் இதில் எது நடக்கும்? டிடபிள்யூ-5600 விலை குறைவு, உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை அந்தக் கத்திக்குக் கையை நீட்டியாக வேண்டும். வெயில் வாட்சிலும் உள்ளே இருப்பது பேட்டரிதான், அதற்கும் ஆயுள் உண்டு. ஆனால் மூன்று வருடமாக என்னுடையதை யாரும் தொடவில்லை. சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்?

ஒரு வசதி மட்டும் தண்டம். ரேடியோ சிக்னல் வாங்கித் தானே நேரம் திருத்திக்கொள்ளும் என்கிறார்கள். அந்த நிலையங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் இருக்கின்றன. கோவளத்தில் எனக்கு ஒருநாளும் சிக்னல் கிடைத்ததில்லை.

ஸ்மார்ட்வாட்சை நண்பர் கையில் பார்த்ததோடு சரி, நான் கட்டியதில்லை. எத்தனை அலை பிடித்தோம் என்று எண்ணிச் சொல்வது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீர்த்துளி பட்டதும் தொடுதிரை தானாகத் தாவுகிறது. அவர் தினமும் சார்ஜ் போடுகிறார்.

ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறுவதையும் இறங்குவதையும் வரைபடமாகக் காட்டும் ஜி-ஷாக்கின் ஜி-லைட் (G-LIDE) வகையைப் பலர் சிபாரிசு செய்தார்கள். பல மீட்டர் ஏறி இறங்கும் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் அது வேண்டும். நம் கரையில் மொத்தமே சுமார் ஒரு மீட்டர். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம், கடற்காற்று எழுந்து அலையைக் கலைப்பதற்குள் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான்.

பட்டையைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். ரெசின் என்னும் பிளாஸ்டிக் பட்டை பத்து வருடத்தில் நொறுங்கும் என்கிறார்கள். என்னுடையதற்கு மூன்று வயதுதான். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுகிறேன், கடலுக்குள் பொத்தானைத் தொடுவதில்லை.