எலெக்ட்ரிக் எஸ்யூவி: 19 இஞ்ச் வீலா, 20 இஞ்ச்சா?

பார்த்ததும் கண்ணைப் பறிப்பது 20 இஞ்ச்தான். ஆனாலும் என் ஓட்டு 19-க்கே. ஹூண்டாய் ஐயோனிக் 5-ஐ எடுத்துக்கொள்வோம்: 19-க்கு 235/55 டயர், 20-க்கு 255/45 (முதல் எண் டயரின் அகலம், மி.மீ.-இல்; அடுத்தது, டயரின் பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது). வெளி விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், குறைவது சைடுவால், அதாவது அந்தப் பக்கச்சுவர். 129 மி.மீ. உயரம் 115 ஆகிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். அது மெலிந்தால் ரிம் நெளிய வாய்ப்பு அதிகம், குலுக்கல் முதுகு வரை ஏறும். பேட்டரியால் வண்டி ஏற்கெனவே கனம் வேறு! அகல டயர் காற்றையும் கூடுதலாக எதிர்ப்பதால், ஒரே சார்ஜில் போகும் தூரமும் குறைகிறது. டயர் மாற்றும் செலவும் பெரும்பாலும் கூடும்.

வளைவில் 20 இஞ்ச் இறுக்கமாகத் திரும்பும், மறுக்கவில்லை. வழவழப்பான சாலையில் விரட்டி ஓட்டுபவர் அதை எடுக்கலாம். குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் என்றால் 19-ஐயே கேட்டு வாங்குங்கள்.