மிஹாஸா, ஃப்ரிஹிலியானாவா: மாலகாவிலிருந்து ஒரு நாளில் போய்வர எந்த வெள்ளை ஊர்?

தெற்கு ஸ்பெயினின் மாலகா நகரில் நான்கைந்து நாட்கள் தங்குகிறவர்கள், கடற்கரையும் பிக்காசோ அருங்காட்சியகமும் பார்த்து முடிந்த பிறகு, ஒரு நாளை மலைச்சரிவில் அமைந்த 'வெள்ளை ஊர்' ஒன்றுக்கு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. ஆண்டலூசியாவில் இத்தகைய ஊர்கள் ஏராளம். ஆனால் வாடகைக் கார் இல்லாமல் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பக்கூடியவை எவை என்று பார்த்தால், மேற்கே மிஹாஸும் கிழக்கே ஃப்ரிஹிலியானாவும்தான் முதலில் நிற்கின்றன. மலைமுகட்டில் கோட்டையோடு நிற்கும் காஸாரெஸ் இவ்விரண்டையும்விடக் கம்பீரமானது என்றாலும், பேருந்தை மட்டும் நம்பி அங்கே ஒரே நாளில் போய்வருவது சிரமம் என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

புகைப்படங்களைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. சுண்ணாம்பு பூசிய சுவர், அதில் மாட்டிய பூந்தொட்டி, செங்குத்தாக ஏறும் சந்து என்று இரண்டு ஊரின் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும். வெயிலைத் திருப்பியனுப்பி வீட்டைக் குளுமையாக வைத்திருக்கவும், கொள்ளைநோய்க் காலங்களில் கிருமி அண்டாமல் இருக்கவும் அடித்த சுண்ணாம்பு இரண்டுக்கும் பொது. வேறுபாடு போகும் வழியிலும், போய்ச் சேர்ந்தபின் அந்த ஊர் நமக்கு என்ன சொல்கிறது என்பதிலும்தான் இருக்கிறது.

வழியைப் பொறுத்தவரை மிஹாஸுக்கே வெற்றி. மாலகாவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு 428 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூருக்கு நேரடிப் பேருந்து உண்டு. அது தவறினாலும், ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடும் புறநகர் ரயிலில் ஃபுவென்ஹிரோலா வரை சென்று, அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தில் மலையேறிவிடலாம். ஃப்ரிஹிலியானாவுக்கு அந்த வசதி இல்லை. 50 கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாகப் பயணம் செய்து நெர்ஹாவில் இறங்கி, வேறு பேருந்து பிடித்து மேலும் 6 கிலோமீட்டர் ஏற வேண்டும். நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையோ உள்ளூர் விடுமுறையோ குறுக்கிட்டால், அந்தக் கடைசி 6 கிலோமீட்டருக்கு டாக்சியை நாட வேண்டியிருக்கும் என்று எண்ணியே கிளம்புவது நல்லது.

மிஹாஸில் இறங்கியதும் கண்ணில் படுபவை கழுதைகள். வயல்வேலை முடிந்து திரும்பும் கூலியாட்களைச் சுற்றுலாப் பயணிகள் நிறுத்திப் படம் எடுத்தும், கழுதை மேல் ஏறியும் காசு கொடுத்ததில் 1960களில் தொடங்கியது 'கழுதை டாக்சி' என்கிறார்கள். உச்சி வெயிலில் வரிசையாகக் கட்டியிருக்கும் அந்தப் பிராணிகளைக் கண்டால் எனக்கு ஏறிச் சவாரி செய்யும் ஆசை வருவதில்லை. அவற்றைக் கடந்து சென்றால், 17ஆம் நூற்றாண்டில் கார்மேல் சபைத் துறவிகள் பாறையைக் குடைந்து அமைத்த பென்யா மாதா சிற்றாலயமும், 1900இல் கட்டப்பட்ட சிறிய காளைப்போர் அரங்கும், கடலைப் பார்த்து நிற்கும் பூங்காவும் உண்டு. வானம் தெளிந்த நாளில் பூங்காவிலிருந்து ஆப்பிரிக்காவின் மலைகள் தெரியும். இவையெல்லாம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் மிஹாஸில் நடக்கும்போது நினைவில் வைத்திருக்க வேண்டிய கதை வேறு. ஸ்பானிய உள்நாட்டுப் போருக்கு முன் இவ்வூரின் கடைசிக் குடியரசு மேயராக இருந்த மனுவேல் கோர்த்தெஸ் என்னும் சவரத் தொழிலாளி, 1939இல் குடியரசு அரசை வீழ்த்திய தளபதி ஃபிராங்கோவின் வெற்றிக்குப் பின் ஊர் திரும்பி, தம் மனைவி ஹுலியானா காவல் காக்க, இதே வெள்ளைச் சுவர்களுக்குள் 30 ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார். வீடு மாற்ற வேண்டி வந்தபோது கிழவி வேடத்தில் இரவில் தெருவைக் கடந்தார். 1969இல் அரசு போர்க்காலக் குற்றங்களுக்கு விலக்கு அறிவித்த பிறகே வெளியே வந்தார். இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு மிஹாஸ் வெறும் நினைவுப்பொருள் கடைவீதியாகத் தெரியாது. ஆனால் தெரியாமல் போகிறவருக்கு அதை எடுத்துச் சொல்ல அங்கே தெருக்கள் பெரிதாக முயல்வதில்லை.

ஃப்ரிஹிலியானாவில் தெருவே கதை சொல்கிறது. இஸ்லாமியராக இருந்து கட்டாயத்தின்பேரில் கிறிஸ்தவராக்கப்பட்ட மொரிஸ்கோக்கள், தம் மொழியும் உடையும் தடைசெய்யப்பட்டதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து, இவ்வூருக்கு மேலுள்ள பாறைக்குன்றில் அரண் அமைத்துப் போரிட்டு, 1569 ஜூன் 11இல் தோற்கடிக்கப்பட்டனர். அந்த வரலாற்றை 12 பீங்கான் ஓட்டுப் பலகைகளாகப் பழைய மொரிஸ்கோ குடியிருப்பின் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களால் கோலம் போல இழைத்த படிகளில் ஏறுகிறவர் ஒவ்வொரு பலகையிலும் நின்று படித்தால், மூச்சு வாங்கவும் சாக்குக் கிடைக்கும். எழுத்து ஸ்பானிய மொழியில் இருப்பதால், கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஊர் வாசலில் நிற்கும் 'எல் இன்ஹெனியோ' இந்தக் கதையின் தொடர்ச்சி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரபு குடும்பத்து மாளிகையாக எழுந்த இந்தக் கட்டடத்தில் இன்றும் கரும்புப் பாகு காய்ச்சப்படுகிறது. 'கரும்புத் தேன்' என்று அங்கே அழைக்கப்படும் அந்தக் கருநிறப் பாகைப் பொரித்த கத்தரிக்காயின் மேல் ஊற்றித் தருவார்கள். உப்பும் இனிப்பும் கலந்த அந்தத் தட்டை மதிய உணவில் தவறவிடக் கூடாது. அசைவம் உண்ணாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆகவே ஒரு முழு நாள் கையில் இருக்கிறவருக்கு ஃப்ரிஹிலியானாவையே நான் பரிந்துரைப்பேன். 1959இல் கண்டுபிடிக்கப்பட்ட நெர்ஹா குகைகளையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம் என்பதால் நீண்ட வழியும் வீணாகாது. முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு செல்கிறவர்கள், அரை நாள் மட்டும் உள்ளவர்கள், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு நாள் இல்லாதவர்கள் மிஹாஸுக்குப் போகலாம். அங்கே நடுச்சதுக்கமும் காட்சிப் பூங்காவும் அதிகம் ஏறாமலே எட்டும் தூரத்தில் உள்ளன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் எந்த ஊரானாலும் நடுப்பகலுக்கு முன் நடையை முடித்துவிட வேண்டும். ஃப்ரிஹிலியானாவில் கரும்புப் பாகு வாங்குகிறவர்கள் புட்டியைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பாகையும் திரவமாகவே கணக்கிடுவார்கள்.