கிராஷ் ஆன பைக்க ரோடுக்கே ரெடி பண்றதா, ட்ராக்குக்குன்னே ஒதுக்கிடறதா?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ட்ராக் டே (நம்ம பைக்கயே கொண்டு போயி ட்ராக்ல ஓட்டற நாள்) போயி கார்னர்ல லோசைடு ஆகி (டயர் கிரிப் போயி சாஞ்ச பக்கமே வழுக்கி விழுந்து) பைக் ஒரு பக்கம் முழுக்க தேஞ்சு வந்துச்சுன்னா அடுத்து வர்ற கேள்வி இதுதான்.

ரோடுக்கேன்னா ஹெட்லைட், இண்டிகேட்டர், மிரர், கம்பெனி ஃபேரிங் (பைக்க மூடியிருக்கற பிளாஸ்டிக் பாடி)னு ஒவ்வொண்ணா வாங்கணும், காசு பாதி பிளாஸ்டிக்குக்கே போயிடும், புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல தேடலாம் ஆனா கிளிப் உடையாத பேனல் கெடைக்கறது கஷ்டம். இன்சூரன்ஸையும் நம்பிடாதீங்க, சாதாரண பாலிசில ரேசிங், ஸ்பீட் டெஸ்டிங் எல்லாம் கவர் ஆகாது.

ட்ராக்குக்குன்னா லைட்டு மிரர் எதுவும் வேணாம், ஃபைபர் ஃபேரிங் போட்டு எஞ்சின் கவர் கார்டு, நல்ல ரியர்செட் (பின்னாடி தள்ளி மாட்டற ஃபுட்பெக் செட்) மாட்டிட்டா போதும், அடுத்த தடவ விழுந்தாலும் ஃபைபர ஒட்டி பெயின்ட் அடிச்சிக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் சிட்டிலேந்து டாடா ஏஸ்ல ஏத்திட்டு போகணும், ஆபீஸ் போக வேற வண்டியும் வேணும். வேற வண்டி இருந்தா நான் கண்டிப்பா இதத்தான் சொல்வேன், விழுந்துடுமோன்னு பயமில்லாம ஓட்டறது பெரிய விஷயம்.

எதுவானாலும் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்), அத பிடிச்சிருக்கற ட்ரிபிள் கிளாம்ப், ஹேண்டில் அதுக்கு மேல திரும்பாம தடுக்க ஃப்ரேம்ல இருக்கற ஸ்டியரிங் ஸ்டாப் மூணையும் முதல்ல செக் பண்ணுங்க, ஃப்ரேம் வளைஞ்சிருந்தா ரெண்டுமே வேணாம். தலை அடிபட்ட ஹெல்மெட்ட மாத்திடுங்க. காலர்போன் உடைஞ்சிருந்தா டாக்டர் எக்ஸ்ரே பாத்து ஓகே சொல்றவரைக்கும் ஹேண்டில்பார தொடவே தொடாதீங்க ப்ரோ.